பன்னிரண்டாயிரம் லிட்டர்

சேலையூர்,
12 ஜனவரி 2025

அன்புள்ள மெர்வின் அண்ணாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். உனக்கு இருமல் விட்டதா? மஸ்கட்டில் குளிர் எப்படி?

நேற்று நீ அம்மாவோடு போனில் பேசியபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். நான் சொன்னது எதுவும் உனக்குப் புரியவில்லை. நேரில் என்றால் என் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வாய். போனில் என் பேச்சு வெறும் சத்தமாகத்தான் வருகிறது. அம்மா அதை "அவளுக்கு ஏதோ கம்ப்யூட்டர் வேலை வந்திருக்குப்பா" என்று சுருக்கிவிட்டார்கள். நான் சொன்னது அதைவிட நீளம். அதனால்தான் எழுதுகிறேன். வலது கை மோதிர விரலின் முட்டியால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவதால் ஒரு கடிதத்துக்கு மூன்று சாயங்காலம் ஆகும். நீயும் எழுதியே பதில் போடு.

மேடவாக்கத்தில் ஒரு தண்ணீர் லாரி கம்பெனி. முதலாளி பெயர் பக்தவச்சலம். ஐந்து லாரி ஓடுகிறது, ஒவ்வொன்றும் பன்னிரண்டாயிரம் லிட்டர். அபார்ட்மெண்ட்காரர்கள் வாட்ஸ்அப்பில் ஆர்டர் அனுப்புவார்கள். எந்த லாரி எத்தனை மணிக்கு எங்கே போக வேண்டும் என்று பிரித்து, அவர்களுக்கும் டிரைவருக்கும் நான் செய்தி அனுப்ப வேண்டும். போனில் வரும் ஆர்டரை ஹேமாவதி என்பவர் எடுத்து என்னிடம் தருவார்.

இந்த வேலையைத் தேடித் தந்தவர் தீபா. தாம்பரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருக்கிறார். என்னைப் போலக் கையும் காலும் சொன்னபடி கேட்காதவர்களுக்கு வேலை பார்த்துத் தந்து, பழகும் வரை கூடவே உட்காருவது அவர் வேலை. பதவியின் பெயர் ஜாப் கோச். என்னை அழைத்துப் போவதற்கு முன் இரண்டு நாள் அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்து வேலை செய்து பார்த்திருக்கிறார். பிறகு மேஜைக் கால்களுக்குச் செங்கல் வைத்தார், சக்கர நாற்காலி உள்ளே போக வேண்டுமே. விரல் பக்கத்து எழுத்தில் படாமலிருக்க, கீபோர்டின் மேல் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஒரே பட்டனைத் தட்டினால் "உங்கள் லாரி புறப்பட்டுவிட்டது" என்று முழு வாக்கியமும் வந்துவிடும்படி செய்திருக்கிறார்.

முதல் நாள் முதலாளி என்னைப் பார்த்துவிட்டு தீபாவிடம் கேட்டார்: "இந்தப் பொண்ணு வேகமா டைப் பண்ணுமா?"

"வேகமா பண்ணாது சார். தப்பா பண்ணாது."

அவர் யோசித்துவிட்டு, "ஏற்கெனவே இருந்தவன் வேகமாத் தப்பு பண்ணான்" என்றார். அதுதான் என் நேர்முகத் தேர்வு.

காலையில் அம்மாவும் ஆட்டோக்காரரும் தூக்கி ஏற்றுகிறார்கள். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புத் தங்கை,
பிளஸ்ஸி


மஸ்கட்,
24 ஜனவரி 2025

அன்புள்ள பிளஸ்ஸிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சந்தோஷம். இருமல் நின்றுவிட்டது. இங்கே பெரிய குளிர் இல்லை.

இருபத்தொன்பது வயதில் முதல் வேலை. அப்பா இருந்திருந்தால் சர்ச்சில் எழுந்து சாட்சி சொல்லியிருப்பார். ஆனால் ஒன்று யோசி. அம்மாவுக்கு அறுபத்தாறு வயதாகிறது. தினம் இரண்டு முறை உன்னைத் தூக்கி இறக்குவது எத்தனை நாளைக்கு நடக்கும்? வேலை வேண்டாம் என்று சொல்லவில்லை. யோசி என்றுதான் சொல்கிறேன்.

உன் ஆதார் அட்டை, ஊனமுற்றோர் அடையாள அட்டை, இரண்டு போட்டோ, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்பு. ஒரு படிவத்துக்கு வேண்டும்.

அம்மாவை வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்ளச் சொல். இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெர்வின்


சேலையூர்,
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருவரும் நலம். ஒத்தடம் நடக்கிறது. நீ கேட்டவற்றை இணைத்திருக்கிறேன். போட்டோவில் தலை சாய்ந்திருக்கிறது. நேராக எடுக்க ஸ்டூடியோக்காரர் பதினாறு முறை முயன்றார். என்ன படிவம் என்று நீ எழுதவில்லை.

தப்பாகப் பண்ணாது என்று தீபா சொன்னது முதல் வாரத்திலேயே பொய்த்துவிட்டது. ஒரே பெயரில் இரண்டு அபார்ட்மெண்ட், ஒன்று பெரும்பாக்கத்தில், இன்னொன்று வேங்கைவாசலில். நான் பெயரை மட்டும் அனுப்பினேன். லாரி வேறு இடத்துக்குப் போய்த் தண்ணீரை இறக்கிவிட்டது. டிரைவர் மாரி நேராக என் மேஜைக்கு வந்து நின்றார்.

"இன்னாக்கா, ரெண்டுத்துக்கும் ஒரே பேரு வெச்சிகினு கீறானுங்க. நான் எங்கன்னு போறது?"

தீபா பதில் சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். டைப் செய்தேன்: "தப்பு என்னுடையது. இனி ஊர் பெயர் முதலில் வரும்." மாரி குனிந்து படித்தார். என்னோடு எப்படிப் பேசுவது என்று ஆபீசில் மற்றவர்கள் தீபாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்கள். மாரி யாரையும் கேட்கவில்லை. திட்ட வந்தார், திட்டினார், படித்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ஊர் பெயர்தான் முதலில். மற்றபடி தவறு இல்லை.

இந்த மாதம் முதல் தீபா அரை நாள்தான் வருகிறார். மார்ச்சில் வாரம் இரண்டு நாள், ஏப்ரல் கடைசியோடு சரி. மெதுவாக விலகிக்கொள்வதுதான் அவர்கள் முறையாம். மத்தியானத்துக்கு மேல் எனக்கு யார் உதவுவார்கள் என்று கேட்டார். ஏற்பாடாகிவிட்டது என்றேன். அவர் தன் தாளில் ஒரு டிக் போட்டுக்கொண்டார்.

ஜோசலின் அத்தை பொழிச்சலூரிலிருந்து வந்து போனார்கள். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

அன்புத் தங்கை,
பிளஸ்ஸி


மஸ்கட்,
14 மார்ச் 2025

அன்புள்ள பிளஸ்ஸிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. சைட்டில் வேலை அதிகம். நான் நலம். நோன்பு மாதம் என்பதால் பகலில் ஊரே அடங்கிக் கிடக்கிறது. அத்தைக்கு என் அன்பைச் சொல்.

நீ அனுப்பியவை வந்து சேர்ந்தன.

லாரி கதை எல்லாம் சுவாரசியமாக எழுதுகிறாய். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. மத்தியானம் உனக்குச் சாப்பாடு யார் கொடுக்கிறார்கள்? பாத்ரூமுக்கு யார் அழைத்துப் போகிறார்கள்? அம்மாவிடம் கேட்டால், "அவ ஒன்னும் சொல்ல மாட்டேங்கிறாப்பா" என்கிறார்கள்.

உடம்பைக் கவனி.

மெர்வின்


சேலையூர்,
13 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இன்று குருத்தோலை ஞாயிறு. அம்மா எனக்கும் சேர்த்து இரண்டு ஓலை வாங்கி வந்தார்கள். வெயிலைத் தவிர வேறு குறையில்லை. உன் உடம்பு எப்படி?

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாய். அம்மா காலையில் இட்லியைச் சின்னச் சின்னதாக வெட்டி டப்பாவில் வைக்கிறார்கள். பிடியில் பட்டை வைத்த ஒரு ஸ்பூனை தீபா வாங்கி வந்திருக்கிறார். பட்டையைக் கையில் கட்டிவிட்டால் நானே சாப்பிடுவேன். இருபத்தைந்து நிமிடம் ஆகும். ஹேமாவதி பட்டையைக் கட்டிவிடுவார். அவர் ஒழுங்கானவர், ஒரு நம்பரைக்கூடத் தப்பாக எழுதித் தந்ததில்லை. சட்னி வைப்பதை நிறுத்திவிட்டோம், சட்டையில் சிந்துகிறது. தயிரும் அப்படியே. காலை ஆறு மணிக்குப் பிறகு காபி, டீ எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். அதிகம் குடிப்பது நல்லதில்லை என்கிறார்கள்.

கோடை வந்துவிட்டது. ஜனவரியில் ஒரு நாளைக்குப் பதினைந்து லோடு போனது, இப்போது நாற்பது. மேடவாக்கம் சிக்னலில் லாரி நின்றால் அரைமணி நேரம். அந்த அரைமணியில் ஒரு அபார்ட்மெண்டிலிருந்து இருபது செய்தி வரும். எல்லாருக்கும் ஒரே பட்டனைத் தட்டாமல் ஒவ்வொருவருக்கும் நிலவரத்தை எழுதுகிறேன். கோபித்தவர்கள் குறைந்திருக்கிறார்கள். முதலாளி போன வாரம் என் மேஜைப் பக்கம் ஒரு பேன் மாட்டினார். 

தீபாவுக்கு முப்பதாம் தேதி கடைசி நாள்.

என்ன படிவம் என்று நீ இன்னும் எழுதவில்லை.

அன்புத் தங்கை,
பிளஸ்ஸி


தாம்பரம்,
21 மே 2025

அன்பு மகன் மெர்வினுக்கு அம்மா ஹில்டா எழுதுவது,

ஆண்டவர் உன்னைக் காப்பாராக. இதைக் கையால் எழுதி, ஜோசலின் அத்தை போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வார்டில் இருந்து போனில் பேசினால் பிளஸ்ஸிக்குக் கேட்கும். நேற்றே உன்னிடம் விவரம் சொல்லாததற்கு அதுதான் காரணம்.

திங்கட்கிழமை மத்தியானம் ஆபீசில் அவளுக்குக் குளிர் ஜுரம் வந்து உடம்பு தூக்கிப் போட்டிருக்கிறது. ஆட்டோ வர நேரமாகும் என்று மாரி என்கிற டிரைவர் அவளை அப்படியே தூக்கித் தண்ணீர் லாரியில் முன்னால் உட்கார வைத்து, ஹேமாவதியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். நான் போய்ச் சேரும்போது டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. சிறுநீரில் கிருமி, அது கிட்னி வரை போய்விட்டது என்கிறார்கள். இன்றைக்கு ஜுரம் குறைந்திருக்கிறது, பயப்படாதே.

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பகல்ல தண்ணி குடிக்கிறாங்களா?" என்று கேட்டார். "நான் தினம் ஒரு லிட்டர் பாட்டில் குடுத்து அனுப்புறேன் டாக்டர், சாயந்திரம் காலியாத்தான் வருது" என்றேன். மாரி கதவோரம் நின்றிருந்தார். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அத்த நான்தாம்மா குடிச்சிகினு இருந்தேன். அக்கா டெய்லி பாட்டில காட்டி 'எடுத்துக்க'ன்னு எழுதும். வெயில்ல வர்றேன்னு பாவம் பாத்துக் குடுக்குதுன்னு நெனச்சேன். மூணு மாசமா குடிச்சிகினு கீறேம்மா."

அந்த மனிதன் அழுதுவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. ஆபீசில் அவளைப் பாத்ரூமுக்கு அழைத்துப் போக ஆள் இல்லை, அதனால்தான் குடிக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. பெற்றவளுக்குத் தெரியவில்லை பார்.

என் முழங்காலைப் பற்றி நீ கவலைப்படாதே. எலும்பு டாக்டர் ஆகஸ்டில் ஆபரேஷன் என்கிறார். இப்போதைக்கு ஜெபம் செய்.

அம்மா


மஸ்கட்,
23 மே 2025

பிளஸ்ஸிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? சாப்பிட முடிகிறதா? அம்மா எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார்கள்.

நான் கேட்டேன். மார்ச்சிலேயே கேட்டேன். நீ இட்லியைப் பற்றி எழுதினாய்.

அந்த வேலையை விட்டுவிடு. அவர்களைக் குறை சொல்லவில்லை. உனக்குத் தேவையானது அங்கே இல்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்டில் அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்தால் ஆறு மாதம் எதையும் தூக்கக் கூடாது. மாடம்பாக்கத்தில் சிஸ்டர்கள் நடத்தும் ஒரு இல்லம் இருக்கிறது. பெண்களுக்கு மட்டும். நல்ல இடம், சுத்தமாக இருக்கும், எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. உன் ஆதாரும் போட்டோவும் கேட்டது அதற்காகத்தான். ஜனவரியிலேயே எழுதிக் கேட்டிருந்தேன். இப்போது இடம் கிடைத்திருக்கிறது. உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

மருந்தை ஒழுங்காகச் சாப்பிடு. தண்ணீர் குடி.

மெர்வின்


சேலையூர்,
22 ஜூன் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பு தேறிவிட்டது. அம்மாவும் பரவாயில்லை. உனக்குப் பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. இரண்டு வாரம் கையில் பலம் இல்லாததால் எழுத முடியவில்லை. அதற்குப் பிறகு உன்மேல் இருந்த கோபத்தில் எழுதவில்லை. இப்போது இரண்டும் இல்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஜனவரியில் தீபா ஹேமாவதியிடம், நான் கழிப்பறைக்குப் போக உதவ முடியுமா என்று கேட்டார். ஆபீசுக்கு நடுவே ஒரே ஒரு பலகைத் தடுப்புதான். "நான் போன் எடுக்க வந்தவ மேடம். இதெல்லாம் எனக்கு வேணாம்" என்று ஹேமாவதி சொன்னது எனக்குக் கேட்டது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. தீபா இருந்த நேரங்களில் அவரே அழைத்துப் போனார். பிப்ரவரியில், ஹேமாவதி பிறகு ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நான் தீபாவிடம் பொய் சொன்னேன். ஆள் வேண்டும் என்று மறுபடி கிளறினால் முதலாளி என்னை அனுப்பிவிடுவார் என்று பயம். ஏற்கெனவே மறுத்தவரிடம் போய் உறுதிசெய்துகொள்ள தீபாவுக்குத் தயக்கம். நாங்கள் இருவரும் நாகரிகமாக நடந்துகொண்டதில் எனக்குக் கிட்னி கெட்டது.

ஒன்பதாம் தேதி வேலைக்குத் திரும்பினேன். அம்மா தடுத்தார்கள், போனேன். போகும்போது ஒரு பக்கம் டைப் செய்து எடுத்துப் போனேன். இந்த வேலையை நான் செய்ய, நாளுக்கு இரண்டு முறை ஒரு பெண் என்னைக் கழிப்பறைக்கு அழைத்துப் போக வேண்டும், அது அவர் சம்பளத்தில் சேர்ந்த வேலையாக இருக்க வேண்டும், யாருடைய தயவாகவும் இருக்கக் கூடாது, கழிப்பறைக் கதவு மூன்று அங்குலம் அகலமாக வேண்டும், முடியாது என்றால் இன்றே சொல்லிவிடுங்கள் என்று எழுதியிருந்தேன்.

முதலாளிக்கு எதையும் உரக்கப் படிக்கும் பழக்கம். முதல் வரியை எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார். இரண்டாவது வரியில் குரல் இறங்கியது. மீதியை உட்கார்ந்து மனதுக்குள் படித்தார்.

"தண்ணி கம்பெனியில ஒரு பொண்ணு மூணு மாசம் தண்ணி குடிக்காம இருந்திருக்கா. வெளிய தெரிஞ்சா நம்மள என்னம்மா நினைப்பாங்க?"

அவர் முதலில் கவலைப்பட்டது வெளியே தெரிவதைப் பற்றி. அடுத்ததாகக் கொத்தனாரைக் கூப்பிட்டார். வரிசை எனக்கு முக்கியமில்லை.

ஹேமாவதி மத்தியானம் பட்டையைக் கட்டிவிடும்போது கேட்டார்: "அன்னிக்கு நான் சொன்னது உங்க காதுல விழுந்துச்சா?"

தலையாட்டினேன்.

"எப்படித் தூக்கணும்னு தெரியாதுங்க. கீழ போட்டுட்டா என்ன பண்றதுன்னு பயம். அதச் சொல்லாம வேற மாதிரி சொல்லிட்டேன்."

இப்போதும் அவர் அந்த வேலையைச் செய்வதில்லை. நானும் கேட்கவில்லை.

செய்பவர் மாரியின் மனைவி தேசம்மா. பக்கத்து அபார்ட்மெண்டுகளில் வீட்டு வேலை செய்தவர். ஆபீசைப் பெருக்கித் துடைக்கவும் எனக்கு உதவவும் சேர்த்துச் சம்பளம் பேசி முதலாளி வைத்திருக்கிறார். தீபா மூன்று நாள் திரும்பி வந்து, நாற்காலியிலிருந்து எப்படி மாற்றுவது என்று பழக்கிவிட்டார். என்னிடம், "நான் ஹேமாவதிகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் பிளஸ்ஸி. நீங்க சொன்னதும் டிக் போட்டுட்டேன்" என்றார். இனிமேல் மாதம் ஒரு முறை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் கம்பெனிக்கு மட்டுமில்லை, அவர் வேலையில் சேர்த்த எல்லா இடத்துக்கும்.

முதல் நாள் தேசம்மா என்னைத் தூக்கியபடியே சொன்னார்: "இதுக்குப் போயி உடம்பக் கெடுத்துகினியேக்கா. எங்க மாமியார மூணு வருசம் தூக்கினேன். அதுக்கு முன்ன நீ காத்தாட்டம் கீற."

இப்போது ஒரு லிட்டர் குடிக்கிறேன். மாரி தன் பாட்டிலைத் தானே கொண்டுவருகிறார்.

மாடம்பாக்கத்து இல்லத்தைப் பற்றி: நான் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புத் தங்கை,
பிளஸ்ஸி


மஸ்கட்,
27 ஜூன் 2025

அன்புள்ள பிளஸ்ஸிக்கு,

நீ தேறிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. நான் சுகம். இங்கே வெயிலில் பகல் மூன்று மணி நேரம் வேலையை நிறுத்திவிடுகிறார்கள்.

தேசம்மாவுக்கும் மாரிக்கும் என் நன்றியைச் சொல். ஆனால் ஆபீசில் ஆள் கிடைத்துவிட்டால் போதுமா? ஆகஸ்டில் காலையில் உன்னைக் கட்டிலிலிருந்து யார் எழுப்புவார்கள்? ஆள் வைக்கலாம் என்று அத்தை சேலையூரெல்லாம் விசாரித்துவிட்டார்கள், ஒருவரும் நிலையாக நிற்பதில்லை.

இல்லத்து மதரிடம் போனில் பேசினேன். அங்கே இருப்பவர்கள் யாரும் வெளியே வேலைக்குப் போவதில்லையாம். அப்படி ஒரு வழக்கமே இல்லை என்றார். உனக்கு இது வருத்தமாக இருக்கும். நான் என்ன செய்யட்டும்?

படிவத்தில் உன் கைரேகை மட்டும் பாக்கி.

மெர்வின்


சேலையூர்,
20 ஜூலை 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். அம்மா இரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறார்கள். நீ சரியாகத் தூங்குகிறாயா?

பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை அம்மா, தீபா, நான் மூவரும் மாடம்பாக்கம் போனோம். நீ சொன்னதில் பொய் இல்லை. சுத்தமாக இருக்கிறது. ஐம்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள். நடைபாதையில் சரிவு கட்டியிருக்கிறார்கள், குளியலறைக் கதவுகள் அகலம். நம் வீட்டைவிட வசதி. மத்தியானம் பெரும்பாலோர் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோசமாக நடத்துகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

மதர் நல்லவர். என்னிடமே பேசினார், அம்மாவிடம் இல்லை.

"வேலைக்கா? தினமுமா?"

தலையாட்டினேன்.

"வழியில ஏதாவது ஆயிட்டா யாரும்மா பொறுப்பு?"

நான் டைப் செய்தேன்: "நான்."

அதைப் படித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இங்க வர்றவங்க பொறுப்ப நாங்க ஏத்துக்கிறோம். அதுதான் எங்களுக்குத் தெரிஞ்ச வழி. அந்தப் பொறுப்பத் திருப்பிக் கேக்குறவங்க யாரும் வந்ததில்ல" என்றார். சபைத் தலைமையிடம் கேட்டுச் சொல்ல ஒரு வாரம் வேண்டும் என்றார். தீபா தன் நிறுவனத்தின் பெயரில் ஒரு கடிதம் கொடுத்தார். முதலாளியும் ஒன்று கொடுத்தார். அதில் "இவர் இல்லாவிட்டால் லாரிகள் தவறான ஊருக்குப் போகும்" என்று இருந்தது. நேற்று பதில் வந்தது. காலை ஏழரைக்குப் போகலாம், மாலை ஆறுக்குள் திரும்ப வேண்டும், ஞாயிறு வெளியே போகக் கூடாது.

கைரேகை வைக்க அம்மாவோடு நேற்று அங்கே போனபோதுதான் படிவத்தைப் பார்த்தேன். தங்கும் காலம் என்ற இடத்தில் உன் கையெழுத்தில் "நிரந்தரம்" என்று இருந்தது. அதை அடித்துவிட்டு "ஆறு மாதம்" என்று எழுதும்படி மதரைக் கேட்டேன். எழுதினார். பக்கத்தில் என் கைரேகையை வைத்தேன். அம்மாவுக்கு இது தெரியாது. கண்ணாடி கொண்டு வரவில்லை என்பதால் அவர்களால் படிக்க முடியவில்லை.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி அங்கே போகிறேன். ஆறாம் தேதி அம்மாவுக்கு ஆபரேஷன்.

பிளஸ்ஸி


மஸ்கட்,
25 ஜூலை 2025

அன்புள்ள பிளஸ்ஸிக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதி அழித்துவிட்டேன். எழுத எனக்குப் பத்து விரல் இருக்கிறது.

அந்த வார்த்தையை எழுதியது நான்தான். குறுகிய காலத்துக்கு அங்கே இடம் தருவதில்லை என்று சொன்னார்கள். அது ஒரு காரணம். இன்னொன்று, அப்பாவை அடக்கம் செய்த அன்று ஜோசலின் அத்தை என்னிடம், "இனி பிளஸ்ஸி உன் பொறுப்பு" என்றார்கள். அன்றிலிருந்து உன்னை எங்கே வைப்பது என்றுதான் யோசித்திருக்கிறேன். நீ எங்கே போக நினைக்கிறாய் என்று கேட்டதில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை. உன் ஜனவரி கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் இல்லத்துக்கு எழுதினேன். உன் வேலை எனக்கு ஒரு தொந்தரவாகத்தான் தெரிந்தது.

அம்மாவிடம் நானே சொல்லிவிடுகிறேன்.

டிசம்பரில் லீவு கேட்டிருக்கிறேன். அதுவரை உடம்பைக் கவனமாகப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
மெர்வின்


மாடம்பாக்கம்,
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா நலம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, பொழிச்சலூரில் அத்தை வீட்டில் இருக்கிறார்கள். வாக்கர் பிடித்து ஹாலைச் சுற்றி வருகிறார்களாம். பக்கத்து ஏர்போர்ட்டின் விமானச் சத்தத்தில் தூக்கம் வருவதில்லை என்பதுதான் ஒரே குறை. நீ சொன்னதை அம்மா என்னிடம் கேட்டார்கள். ஆறு மாதம்தான் என்றேன்.  ஆபரேஷன் அன்று மட்டும் விடுப்பு எடுத்து ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

நானும் நலம். அறையில் நான்கு பேர். பக்கத்துக் கட்டில் நாகலக்ஷ்மிக்கு நாற்பது வயது, பேச்சு நன்றாக வரும், கால்கள் இல்லை. நான் எங்கே போகிறேன், என்ன செய்கிறேன் என்று தினமும் சாயங்காலம் விசாரிக்கிறார். நேற்று, தீபாவின் போன் நம்பர் என்ன என்று கேட்டார். கொடுத்தேன்.

பிப்ரவரியில் என்ன என்று கேட்காதே. எனக்குத் தெரியாது. அம்மா எவ்வளவு தேறுவார்கள் என்று பார்க்க வேண்டும். ஆபீசுக்குப் பக்கத்தில் தரைத்தளத்தில் ஒரு அறை இருந்தால் சொல்லும்படி தேசம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். டிசம்பரில் நீ வந்தால் அதைப் பற்றிப் பேசலாம். நேரில் என்றால் நான் பேசுவது உனக்குப் புரியும்.

முதல் திங்கட்கிழமையைப் பற்றி எழுத வேண்டும். ஏழரை மணிக்கு ஆட்டோ வந்துவிட்டது. கேட்டில் வாட்ச்மேன் ஒரு பெரிய நோட்டை எடுத்தார். வெளியே போகிறவர்களை அதில் எழுத வேண்டும். தேதி, பெயர், காரணம், போன நேரம், வந்த நேரம் என்று கட்டம் போட்டிருந்தது. அவர் பக்கத்தைத் தேடியபோது பழைய வரிகளைப் பார்த்தேன். ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி, தங்கை கல்யாணம், ஆஸ்பத்திரி, அம்மா இறப்பு, ஆஸ்பத்திரி.

"இன்னா ஆஸ்பத்திரிம்மா?" என்றார்.

நான் சொன்னது அவருக்குப் புரியவில்லை. ஆட்டோக்காரர், "ஆஸ்பத்திரி இல்லண்ணே, வேலைக்கு" என்றார்.

"யாரு வேலைக்கு?"

"அக்காதான்."

வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். சக்கர நாற்காலியைப் பார்த்தார். பேனாவை உதறிவிட்டு "வேலைக்கு" என்று மெதுவாக எழுதினார். சாயங்காலம் ஐந்து நாற்பதுக்கு நான் திரும்பியபோது கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் அவர் எதுவும் கேட்கவில்லை. தேதி போட்டார், என் பெயரைப் போட்டார். காரணம் என்ற கட்டத்தில் "மேற்படி" என்று எழுதிவிட்டுக் கேட்டைத் திறந்தார்.

அன்புத் தங்கை,
பிளஸ்ஸி